ஹைப்ரிட்டா, நாலு சக்கர இழுவையா? திருநெல்வேலிச் சீமைச் சாலைகளுக்கு ஒரு கணக்கு

சிறிய எஸ்யூவி வாங்க ஷோரூமுக்குப் போகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள். மாருதி கிராண்ட் விட்டாராவையும் அதன் இணையான டொயோட்டா ஹைரைடரையும் எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 27.97 கி.மீ. என்று கம்பெனி சொல்லும் ஸ்ட்ராங் ஹைப்ரிட் வேண்டுமென்றால் முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் மைல்ட் ஹைப்ரிட்டுக்கு இறங்க வேண்டும். இரண்டும் சேர்ந்த வண்டி விலைப்பட்டியலில் கிடையாது. 2025 செப்டம்பரில் வந்த மாருதி விக்டோரிஸிலும் இதே பிரிவினைதான்.

அம்பாசமுத்திரத்தில் வீடு, மலையடிவாரத்தில் வயல், மாதத்தில் சில நாள் மதுரைப் பயணம் என்று இருப்பவருக்கு இது லேசான முடிவில்லை. இரண்டும் அவருக்கு வேண்டும். ஒன்றைத்தான் வாங்க முடியும்.

பெயர்களில் ஒரு தெளிவு தேவை. மைல்ட் ஹைப்ரிட்டில் இருப்பது என்ஜினுக்குக் கைகொடுக்கும் சின்ன மோட்டார். அதனால் வண்டியைத் தனியாக ஓட்ட முடியாது. ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் 80 குதிரைத்திறன் மோட்டார் இருக்கிறது. டவுன் ரதவீதி நெரிசலில் என்ஜினை அணைத்துவிட்டு பேட்டரியிலேயே ஊர்ந்து போகும்.

## எதை வைத்து எடை போடுவது

வருடத்தில் எத்தனை நாள் பிடிமானம் இல்லாத தரையில் ஓட்டுகிறீர்கள், அது எந்த மாதிரித் தரை என்பது முதல் கேள்வி. மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குப் பின்னால்தான். அடுத்தது, ஏற்றத்தில் முழு பாரத்தோடு வண்டி ஏறுமா என்பது. மூன்றாவது எரிபொருள் செலவு. நான்காவது, விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள்: டயர், கியர் ஆயில், கட்டி இழுக்கும் வண்டிக்கான கூலி, தண்ணீர் புகுந்தால் வரும் பில். கடைசியாக டிக்கி இடம். திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு போகிற வீட்டில் அதுவும் சின்ன விஷயமில்லை.

பிரேக்கை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. நாலு சக்கர இழுவை வண்டியை நகர்த்தத்தான் உதவும்; நிறுத்த உதவாது. எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருக்கிறது. ஐப்பசி மழையில் கங்கைகொண்டானைத் தாண்டி நூறில் போகும்போது தேங்கிய தண்ணீர் மேல் டயர் மிதந்தால், இழுவை எத்தனை சக்கரத்துக்கு என்பதால் ஒரு பயனும் இல்லை. அங்கே காப்பாற்றுவது டயர் பள்ளத்தின் ஆழமும் வேகக் குறைப்பும்தான். சட்டம் 1.6 மி.மீ. வரை அனுமதித்தாலும், 3 மி.மீ.க்கு வந்ததும் டயரை மாற்றிவிடுவது நல்லது.

## ஏற்றத்தில் என்ன நடக்கிறது

விற்பனையாளர் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான் என்றால் வண்டியின் மொத்த எடை ஏறக்குறைய 1,700 கிலோ. சமதளத்தில் இதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதல் முன்சக்கரங்கள் மேல் இருக்கும். ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் ஏறும்போது எடை பின்னால் சாய்கிறது. முன்சக்கரத்தின் மேல் மிஞ்சுவது சுமார் 790 கிலோ.

அந்த ஏற்றத்தில் வண்டியை மேலே தள்ள 333 கிலோ விசை வேண்டும். சரளையில் உருளும் தடையையும் சேர்த்தால் ஏறக்குறைய 370. முன்சக்கரம் மட்டும் இழுத்தால் 790 கிலோ எடையிலிருந்து 370 கிலோ விசையை எடுத்தாக வேண்டும். அதாவது பிடிமானம் 0.47 இருக்க வேண்டும். நாலு சக்கரமும் சரியாகப் பங்கிட்டு இழுத்தால் 0.22 போதும்.

காய்ந்த தார்ச்சாலையின் பிடிமானம் தோராயமாக 0.8, நனைந்த தாரில் 0.5 முதல் 0.6 வரை, உதிரிச் சரளையில் 0.4 பக்கம், நனைந்த களிமண்ணில் 0.2 பக்கம். ஆகவே தார் போட்ட எந்த ஏற்றமும், மழையிலும் கூட, முன்சக்கர வண்டிக்குப் பிரச்சினை இல்லை. புளியரை வளைவுகளில் ஏறி ஆரியங்காவு போவதற்கு நாலு சக்கர இழுவை வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உதிரிச் சரளை ஏற்றத்தில்தான் வித்தியாசம் தெரியும். முன்சக்கர வண்டி சுழன்று நிற்கும் இடத்தில் நாலு சக்கர வண்டி ஏறிப் போய்விடும். நனைந்த களிமண் ஏற்றத்தில் இரண்டுமே தடுமாறும்.

முன்சக்கர வண்டிக்காரர்கள் செய்யும் பழைய உத்தி ஒன்று இருக்கிறது: குட்டை ஏற்றத்தில் ரிவர்ஸில் ஏறுவது. அப்போது இழுக்கும் சக்கரம் பள்ளப் பக்கம் வருவதால் அதன் மேல் எடை கூடும். தேவைப்படும் பிடிமானம் 0.47-லிருந்து 0.40-க்கு இறங்கும். சாதாரண கியர் வண்டியில் இது நன்றாகவே வேலை செய்யும். டொயோட்டா வகை ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் செய்யும்போது கவனம் வேண்டும். அதில் ரிவர்ஸ் கியர் என்று தனியாக ஒன்று இல்லை. மோட்டாரைப் பின்னோக்கிச் சுழற்றித்தான் ரிவர்ஸ் போகிறது. என்ஜின் அங்கே உதவிக்கு வராது. பேட்டரி தாழ்ந்திருந்தால் பாதி ஏற்றத்தில் இழுவை மங்கிவிடும்.

## நம் பக்கத்து மண் வாரியாக

தேரி. குதிரைமொழித் தேரி, கற்குவேல் அய்யனார் கோவில் பக்கம், திசையன்விளை, உவரி வட்டாரம் எல்லாம் காய்ந்த நேரத்தில்தான் மோசம். செம்மணல் நனைந்தால் இறுகும். சித்திரை வெயிலில் மாவாக உதிரும். இங்கே நாலு சக்கர இழுவைக்கு உண்மையான மதிப்பு உண்டு. ஆனால் அதைவிட முதல் மருந்து டயர் காற்று. 33-லிருந்து 20 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் மணல் மேல் நீளமாகப் படுத்து பாரத்தைப் பரப்பிக் கொள்ளும். வேகம் குறைவாக இருக்கட்டும். ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்க வேண்டாம், ஒடித்தால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தாருக்கு வந்ததும் திரும்பக் காற்று அடித்தாக வேண்டும். ஹைப்ரிட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சக்கரம் சுழலத் தொடங்கிய நொடியில் கணினி மோட்டாரின் விசையை வெட்டிவிடும். மணலில் கொஞ்சம் சுழன்றால்தான் வெளியே வர முடியும். வெட்டினால் வண்டி அங்கேயே அமர்ந்துவிடும். டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது, அதை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பதை வீட்டு வாசலிலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கரிசல். கயத்தாறு, கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம். அடைமழைக்குப் பிறகு கரிசல் வண்டிப்பாதையில் எந்தக் காரையும் இறக்க வேண்டாம். இரண்டு சுற்றில் டயர் பள்ளங்கள் களியால் நிரம்பி டயர் வழவழப்பாகிவிடும். அதற்குப் பிறகு இழுப்பது இரண்டு சக்கரமா நாலு சக்கரமா என்பதால் பயனில்லை. நாலு சக்கர இழுவை இருந்தால் இன்னும் நூறு மீட்டர் உள்ளே போய் உளையில் மாட்டுவீர்கள், டிராக்டர் வருவதற்குக் கடினமான இடத்தில். இரண்டு மூன்று நாள் வெயில் அடிக்கட்டும். கரிசலுக்காக நாலு சக்கர இழுவை வாங்குவது வீண் செலவு.

மலை. மணிமுத்தாறு அணையிலிருந்து மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து வரை போகும் பாதை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் ஏற முடியாது. அந்தப் பாதையில் அரசுப் பேருந்து பின்சக்கர இழுவையோடுதான் ஏறி வந்திருக்கிறது. இழுக்கும் சக்கரத்தின் மேல் பாரம் இருக்கிறது, வயிறு உயரமாக இருக்கிறது. தேவைப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். சிறிய காரில் அங்கே முதலில் அடிபடுவது அடித்தட்டு. கிராண்ட் விட்டாராவின் 210 மி.மீ. இடைவெளி ஆள் ஏறியதும் குறையும். திருக்குறுங்குடி மலைநம்பி கோவில் பாதை இன்னொரு ரகம்: ஜீப் ஏறும் பாதை, பாறையும் ஓடையும். அதற்கு லோ ரேஞ்ச் கியர் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனிக் கியர்) உள்ள மாருதி ஜிம்னி, மஹிந்திரா தார் போன்ற வண்டிகள்தான் சரி. நாலு சக்கர இழுவை என்று எழுதியிருக்கிறது என்பதற்காக ஒரு சிறிய ஹைப்ரிட்டை அங்கே ஏற்றுவது வண்டிக்குச் செய்யும் கொடுமை.

மலையில் இறக்கத்தையும் பேச வேண்டும், ஏனென்றால் ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பேட்டரி ஏறும் என்பது உண்மை. ஆனால் பேட்டரி வெறும் 0.76 யூனிட்; அதிலும் கணினி பயன்படுத்த விடுவது ஏறக்குறைய பாதிதான். 1,700 கிலோ வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றலே 0.46 யூனிட். இழப்புகள் போக, 150 மீட்டர் இறங்குவதற்குள் பேட்டரி நிரம்பிவிடும். மாஞ்சோலையிலிருந்து அணை வரை பல நூறு மீட்டர் இறக்கம். பேட்டரி நிரம்பிய பிறகு முழுச் சுமையும் பிரேக் பேடு மேல்தான். ஆகவே தொடக்கத்திலேயே கியரை ‘B’ நிலையில் (பார்க்கிங்குக்கான ‘P’ இல்லை) போட்டு என்ஜின் தடையைப் பயன்படுத்துங்கள். நாலு சக்கர இழுவை இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. பேட்டரி அதே அளவுதான்.

வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணிக் கரை முழுக்க வண்டிகள் மூழ்கின. அப்போதிருந்து 'வெள்ளத்துக்கு நாலு சக்கர இழுவை நல்லதாமே' என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. நல்லதில்லை. தண்ணீர் வண்டியைத் தூக்கும்போது நாலு டயரும் ஒன்றுபோலப் பிடியை இழக்கும். சக்கர நடுப்புள்ளிக்கு மேல் தண்ணீர் நின்றால் இறங்க வேண்டாம். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், ஆழம் எவ்வளவாக இருந்தாலும், திரும்பிவிடுங்கள். ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் உயர் மின்னழுத்த பேட்டரி டிக்கிக்குக் கீழே இருக்கிறது. உள்ளே தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. ஆரஞ்சு நிற ஒயரைத் தெரு மெக்கானிக் தொடவும் கூடாது. அந்த பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி உண்டு என்றாலும், வெள்ளச் சேதம் அதில் வராது. இன்ஷூரன்ஸில் என்ஜின் பாதுகாப்புக்குத் தனிப் பிரிவு எடுக்கும்போது, ஹைப்ரிட் பேட்டரியும் அதில் அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

## வழி 1: முன்சக்கர ஸ்ட்ராங் ஹைப்ரிட்

நெரிசலில் இதற்கு ஈடு இல்லை. வண்ணார்பேட்டை, சந்திப்பு, மேலப்பாளையம் என்று நின்று நின்று போகிறவருக்கு எரிபொருள் மிச்சம் நன்றாகத் தெரியும். நான்குவழிச்சாலையில் நூறில் சீராக ஓட்டும்போது அந்த மிச்சம் சுருங்கிவிடும். கிளட்ச் கிடையாது. பிரேக் பேடு நீண்ட நாள் உழைக்கும்.

வெளியே தெரியாத செலவுகள்: பேட்டரி இடம் பிடிப்பதால் டிக்கி குறையும். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளை, டொயோட்டா வகை வண்டிகளில், பின் இருக்கை அருகே இருக்கும். அதன் மேல் பை, துண்டு போட்டு மூடக்கூடாது. தேரிப் பக்கம் ஓடும் வண்டியில் அந்த வடிகட்டி செம்மண் தூசியால் அடைபடும். அடைபட்டால் பேட்டரி சூடேறி ஆயுள் குறையும். ஒவ்வொரு சர்வீஸிலும் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பல இடங்களில் செய்வதில்லை.

வண்டி நின்றுபோனால் முன்சக்கரத்தைத் தரையில் வைத்துக் கட்டி இழுக்கக் கூடாது. மோட்டார் சக்கரத்தோடே இணைந்திருப்பதால் இழுக்கும்போது அதுவும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும். உள்ளே சூடேறிக் கெட்டுவிடும். முன்பக்கத்தைத் தூக்கி இழுக்க வேண்டும், அல்லது தட்டு வண்டியில் ஏற்ற வேண்டும்.

## வழி 2: மைல்ட் ஹைப்ரிட், ஷாஃப்ட் வழி நாலு சக்கர இழுவை

சுசுகியின் ஆல்கிரிப் அமைப்பில் என்ஜினிலிருந்து ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற சுழல் தண்டு பின்னால் போகிறது. அங்கே கணினி இயக்கும் கப்ளிங் ஒன்று தேவைக்கேற்பப் பின்சக்கரங்களைச் சேர்க்கும். ஆட்டோ, ஸ்போர்ட், ஸ்னோ, லாக் என்று நான்கு நிலைகள். நம் ஊரில் ஸ்னோவுக்குப் பனி தேவையில்லை. சரளையிலும் நனைந்த செம்மண்ணிலும் அது மிதமாக விசை கொடுப்பதால் நன்றாக வேலை செய்யும். லாக் என்பது வண்டி மாட்டியிருக்கும்போது மட்டும்.

2022-ல் கிராண்ட் விட்டாரா வந்தபோது ஆல்ஃபா என்ற மாடல் மேனுவல் கியரில் 15.39 லட்சம், அதிலேயே நாலு சக்கர இழுவை 16.89 லட்சம். ஒன்றரை லட்சம் வித்தியாசம். மைலேஜ் 21.11-லிருந்து 19.38. வருடம் 12,000 கி.மீ. ஓட்டினால் 568 லிட்டருக்குப் பதிலாக 619 லிட்டர். கூடுதல் 51 லிட்டர். இவை கம்பெனி அளவுகள். சாலையில் எல்லாமே குறையும், ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் அதிகம் மாறாது.

51 லிட்டர் என்பது ஐயாயிரம் ரூபாய்ச் சமாச்சாரம். நாலு சக்கர இழுவை பெட்ரோலை விழுங்கும் என்ற பழைய பயத்துக்கு இடமில்லை. வலிக்கிற இடம் வேறு. ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு அதே 12,000 கி.மீ.க்கு 429 லிட்டர் போதும். நாலு சக்கர இழுவைக்காக ஹைப்ரிட்டைக் கைவிடுகிறவர் வருடம் 190 லிட்டர் கூடுதலாகப் போடுகிறார். அந்த 190-ல் இழுவையின் பங்கு 51 மட்டும். மீதி 139 லிட்டர், இரண்டையும் ஒரே வண்டியில் தராததால் நாம் கட்டும் அபராதம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அப்போது ஸ்ட்ராங் ஹைப்ரிட் ஆல்ஃபா பிளஸ் 19.49 லட்சம். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 190 லிட்டர் மிச்சம் வருடம் 19,000. விலை வித்தியாசமான 2.60 லட்சத்தை 12,000 கி.மீ. ஓட்டத்தில் எட்டு வருடத்தில் எடுக்க முடியாது. 20,000 கி.மீ. ஓடினால் கிட்டத்தட்ட எடுத்துவிடலாம். ஸ்ட்ராங் ஹைப்ரிட்டிலேயே 17.99 லட்சத்துக்கு வந்த ஸீட்டா பிளஸ் மாடல் என்றால் வித்தியாசம் 1.10 லட்சம்தான், ஆறு வருடத்தில் சமனாகும்.

பராமரிப்பில் டயர்தான் பெரிய பொறி. 215/60 ஆர்17 டயரின் ஆரம் சுமார் 345 மி.மீ. முன்னால் 4 மி.மீ. தேய்ந்த டயர், பின்னால் புதுசு என்று போட்டால் சுற்றளவில் ஒரு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். நூறு கி.மீ. ஓட்டத்தில் முன்னும் பின்னும் ஒரு கி.மீ.க்கு மேல் ஒத்துப்போகாது. அந்த வித்தியாசத்தைக் கப்ளிங் வழுக்கித்தான் சரிக்கட்ட வேண்டும்; சூடேறி ஆயுள் போகும். ஆகவே டயரைச் சரியான இடைவெளியில் இடம் மாற்ற வேண்டும். ஒன்று கிழிந்தாலும் ஜோடியாக, பல சமயம் நான்கையும் மாற்ற வேண்டி வரும். விசையைப் பின்னால் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதைப் பின்சக்கரங்களுக்குப் பங்கிடும் பின் டிஃபரென்ஷியல் இரண்டுக்கும் தனி ஆயில் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டருக்கும் குறைவுதான், ஆனால் மறந்துவிடுகிறார்கள். தண்ணீரில் இறங்கி வந்த வண்டியில் அந்த ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் காற்றுத் துளை வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது; உடனே மாற்ற வேண்டும். கட்டி இழுப்பதும் இதில் கூடாது. தட்டு வண்டி மட்டுமே.

## வழி 3: பின்னால் மோட்டார் வைத்த ஸ்ட்ராங் ஹைப்ரிட்

இது இந்தியாவில் சிறிய காரில் விற்பனையில் இல்லை. ஆனால் உலகத்தில் புதிதல்ல. டொயோட்டா 2001-லேயே ஜப்பானில் எஸ்டிமா ஹைப்ரிட்டில் இ-ஃபோர் என்ற பெயரில் கொண்டுவந்தது. பின்சக்கரத்துக்குத் தனி மோட்டார், ஷாஃப்ட் கிடையாது, ஒயர் மட்டும் போகிறது. ஐரோப்பாவில் யாரிஸ் கிராஸ் என்ற சிறிய எஸ்யூவியிலும் உண்டு. சுசுகியும் சும்மா இல்லை: 2022-ல் ஐரோப்பாவில் விட்டாரா ஃபுல் ஹைப்ரிட்டை ஆல்கிரிப்போடு விற்றது, ஷாஃப்ட் வழியில். முடியாது என்ற பேச்சுக்கே இடமில்லை.

யாரிஸ் கிராஸின் பின் மோட்டார் வெறும் 3.9 கிலோவாட். மேற்சொன்ன ஐந்துக்கு ஒன்று ஏற்றத்தில் வைத்துப் பார்ப்போம். திறனை வேகத்தால் வகுத்தால் 10 கி.மீ. வேகத்தில் அது அதிகபட்சம் 143 கிலோ விசை தரும், 20-ல் 72, 40-ல் 36. மொத்தத் தேவை 370. பத்து கி.மீ. வேகத்தில் பின்னால் 143 வந்துவிட்டால் முன்சக்கரம் தர வேண்டியது 230-க்குள். தேவையான பிடிமானம் 0.47-லிருந்து 0.29-க்கு இறங்குகிறது. உதிரிச் சரளையில் நிற்பதற்கும் ஏறுவதற்கும் உள்ள வித்தியாசமே அதுதான். இத்தனை சின்ன மோட்டார் செய்யும் வேலை என்று பார்த்தால் இது பெரிய ஆதாயம்.

எல்லை எங்கே என்பதும் இதே கணக்கில் தெரிகிறது. வேகம் ஏற ஏற உதவி கரைந்துவிடும். 2019-ல் அமெரிக்காவில் வந்த நாலு சக்கர பிரியஸில் 7 குதிரைத்திறன் பின் மோட்டார் சுமார் 70 கி.மீ. வேகத்துக்கு மேல் வேலை செய்யாது. நீண்ட மணல்வெளியில் தொடர்ந்து உழைத்தால் சூடேறிக் கணினி அதை நிறுத்திவிடும். தேரியில் அரை மணி நேரம் ஓட்டுகிறவருக்கு ஷாஃப்ட் வண்டிதான் ஏற்றது. அடுத்த தலைமுறை பிரியஸில் பின் மோட்டாரை 30 கிலோவாட்டுக்கு உயர்த்தினார்கள். அங்கே இந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. மைலேஜ் இழப்பும் சிறிதுதான்: அமெரிக்க அளவில் அதே தர பிரியஸ் முன்சக்கர இழுவையில் காலனுக்கு 57 மைல், நாலு சக்கரத்தில் 54.

இதற்கும் விலை உண்டு. யாரிஸ் கிராஸின் டிக்கி 397 லிட்டரிலிருந்து 320-க்கு இறங்குகிறது. பின் சஸ்பென்ஷன் வேறு வகை. உதிரி பாகம் கூடுதல். பின்சக்கரமும் மோட்டாரோடு இணைந்திருப்பதால் இழுத்துச் செல்ல தட்டு வண்டி மட்டும்தான். ஆனால் ஷாஃப்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ், கப்ளிங் எதுவும் இல்லாததால் டயர் தேய்மான வித்தியாசம் இதை அவ்வளவு வாட்டாது.

## வழி 4: முன்சக்கர வண்டி, நல்ல டயர், சில கருவிகள்

வருடத்தில் பத்து நாளுக்கும் குறைவாக மண்பாதையில் இறங்குகிறவருக்கு இதுவே போதும். அதே அளவில் கொஞ்சம் முரட்டுப் பூ உள்ள டயர் நான்கு, டயர் காற்று அளவுகோல், 12 வோல்ட் கம்ப்ரெஸர், இழுவைக் கயிறு, சின்ன மண்வெட்டி, இரண்டு பலகை. முரட்டு டயரில் சத்தம் கூடும், மைலேஜ் கொஞ்சம் குறையும். கயிற்றை, காருக்குக் கொடுத்திருக்கும் திருகு கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். பம்பரிலோ சஸ்பென்ஷன் கம்பியிலோ மாட்டினால் பிய்ந்துவிடும். மாட்டிய வண்டியை மெதுவாக நாலு ஐந்து மீட்டர் இழுத்து வெளியே எடுப்பதற்கு மட்டும்தான் கயிறு, சாலையில் இழுத்துப் போவதற்கு இல்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | முன்சக்கர ஸ்ட்ராங் ஹைப்ரிட் | மைல்ட் ஹைப்ரிட், ஷாஃப்ட் இழுவை | பின் மோட்டார் ஹைப்ரிட் | முன்சக்கரம், நல்ல டயர் |
|---|---|---|---|---|
| 12,000 கி.மீ.க்குப் பெட்ரோல், கம்பெனி அளவில் | 429 லிட்டர் | 619 லிட்டர் | 450 லிட்டரை ஒட்டி இருக்கலாம் | வண்டியைப் பொறுத்து, சற்றுக் கூடுதல் |
| சரளை ஏற்றம், முழு பாரம் | சிரமம் | நன்று | மெதுவாக ஏறும் | ஓரளவு |
| தேரி மணல் | காற்று இறக்கினால் ஓரளவு | நன்று | குறுகிய தூரம் | காற்று இறக்கினால் ஓரளவு |
| நனைந்த கரிசல் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டாம் |
| டயர் கட்டுப்பாடு | சாதாரணம் | கடுமை | மிதம் | சாதாரணம் |
| டிக்கி | குறைவு | கூடுதல் | மிகக் குறைவு | வண்டியைப் பொறுத்து |
| இங்கே கிடைக்குமா | ஆம் | ஆம் | இல்லை | ஆம் |

## கம்பெனிகள் தர வேண்டுமா?

தர வேண்டும். ஆனால் எல்லா வண்டியிலும் இல்லை, விலை உயர்ந்த ஒரே மாடலில் பூட்டி வைத்தும் இல்லை. நடுத்தர மாடலில் விருப்பத் தேர்வாக, பின் மோட்டாரோடு. அந்த 139 லிட்டர் அபராதத்தைக் கட்டுகிறவர்கள் சொகுசுக்காக ஓட்டுகிறவர்கள் இல்லை. செங்கோட்டைக்கு மேற்கே ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர், களக்காட்டு மலையடிவாரத்தில் வாழை போட்டிருப்பவர், கடையம் பக்கம் எலுமிச்சைத் தோட்டத்துக்குத் தினமும் போகிறவர். இவர்களுக்கு வேகமாக இழுக்கும் வண்டி தேவையில்லை. நனைந்த சரளையில் பத்து கி.மீ. வேகத்தில் முப்பது மீட்டர் ஏறினால் போதும். பின் மோட்டார் செய்யும் வேலை மிகச் சரியாக அதுதான்.

வரியும் இடைஞ்சலாக நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் ஹைப்ரிட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. கிராண்ட் விட்டாரா 4,345 மி.மீ. நீளம், 1.5 லிட்டர் என்ஜின். உண்மையிலேயே சிறிய ஹைப்ரிட்டில் பின் மோட்டார் வந்தால், மோட்டாரால் கூடும் விலையை வரிக் குறைவு ஈடுகட்டிவிடும். அந்த அளவு வண்டியின் டிக்கியில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் சேர்த்து இடம் கண்டுபிடிப்பதுதான் பொறியாளர்களுக்கு உள்ள உண்மையான வேலை.

## அதுவரை யார் எதை எடுக்கலாம்

நகரமும் நான்குவழிச்சாலையும் மட்டும், வருடம் 15,000 கி.மீ.க்கு மேல் என்றால் முன்சக்கர ஸ்ட்ராங் ஹைப்ரிட். குற்றாலச் சாரலுக்கும் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கும் போய்வர இதற்கு மேல் தேவையில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் சரளை ஏற்றமோ தேரியோ உண்டு, ஓட்டம் 12,000-க்குள் என்றால் ஷாஃப்ட் வழி நாலு சக்கர இழுவை. பெட்ரோல் வித்தியாசத்தைவிட அங்கே மாட்டி நிற்கும் ஒரு நாளின் செலவு பெரிது. ஓட்டமும் அதிகம், தோட்டப்பாதையும் மோசம் என்றால் முன்சக்கர ஹைப்ரிட்டை எடுத்துவிட்டு, பெட்ரோலில் மிஞ்சும் பணத்தில் அந்த முப்பது மீட்டர் ஏற்றத்துக்குச் சரளை அடித்து, இரண்டு சக்கரத்தடத்துக்கு மட்டும் காங்கிரீட் போட்டுவிடுங்கள். பாதை ஒருமுறை சரியானால் டிராக்டருக்கும் லோடு ஆட்டோவுக்கும் சேர்த்து உதவும்.

பழைய நாலு சக்கர வண்டி வாங்குகிறவர்கள் நான்கு டயரின் பள்ளத்தையும் அளந்து பாருங்கள், 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கப்ளிங்கைச் சந்தேகியுங்கள். காலி மைதானத்தில் லாக் நிலையில் போட்டு மெதுவாக நேராக ஓட்டுங்கள். பின்னாலிருந்து முனகலோ தட்டும் சத்தமோ வந்தால் விலையைப் பேசாமல் திரும்பிவிடுங்கள். பழைய ஸ்ட்ராங் ஹைப்ரிட் என்றால் டிக்கி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பேட்டரிப் பெட்டியைச் சுற்றி வண்டல் படிந்த கோடு, துருப்பிடித்த போல்ட், பாசி வாடை ஏதாவது இருந்தால், அந்த வண்டி 2023 டிசம்பரில் எந்த ஊரில் நின்றது என்று கேளுங்கள்.